மேகத்துக்குள் போகும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஒவ்வொரு ஆண்டும் இந்த மேடையில் நான் வரவு செலவு வாசிப்பேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வீர்கள். இந்த ஆண்டு கணக்கு அச்சில் இருக்கிறது, வீட்டில் வாசித்துக்கொள்ளலாம். அதில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேசத் தலைவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கில் அந்த வரி இப்படி இருக்கும்: 'விமானி பயிற்சி மாணவர் ஒருவருக்குப் புத்தக உதவி.' அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீணாகிவிட்டது. வீணானதற்கு முதல் பொறுப்பாளி நான்தான். இந்த ஆண்டு அதே படிப்புக்கு இரண்டு மனுக்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்று நம் பெண்பிள்ளையின் மனு. அதனால் நடந்ததை உங்கள் முன் சொல்லிவிட்டு, இனி எப்படிச் செய்வோம் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பையனின் அத்தா உப்பளத்தில் வேலை செய்கிறவர். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினான். நிலம் விற்று, நகை அடகு வைத்து, வங்கிக் கடனும் எடுத்து ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். புத்தகத்துக்கு மட்டும் நம்மிடம் வந்தான். கையில் ஒரு பட்டியல், இருபத்தி இரண்டு உருப்படிகள். ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த பட்டியல் என்றான். நான் மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் வணிகவியல் படித்தவன். விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பட்டியல் நீளமாக இருந்தால் படிப்பு பெரிது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த தேர்வில் அவன் நேவிகேஷன் தாளில் தவறினான். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 70 வேண்டும், அவன் வாங்கியது 61. வீட்டில் சொல்லவில்லை. அவனுடைய அத்தா பள்ளிவாசலில் எல்லோரிடமும் மகன் பாஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து நான் அவன் வீட்டுக்குப் போனேன். தரையில் புத்தகங்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடையாளத் தாள் முதல் முப்பது பக்கத்துக்குள்ளேயே இருந்தது. ஒரே பாடத்துக்கு நான்கு புத்தகங்கள், நான்கிலும் தொடக்கம் மட்டும் படித்திருந்தான். "எது சரின்னு தெரியல மாமா, ஒண்ணு ஒரு மாதிரி சொல்லுது, இன்னொண்ணு வேற மாதிரி சொல்லுது" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

அன்றிலிருந்து ஆறு மாதம், விமானத் துறையில் இருக்கிற நம் சமுதாயச் சகோதரர்கள் சிலரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர்களிடம் கற்றதைத்தான் இப்போது சொல்கிறேன்.

இந்தப் படிப்பு எதற்கு?

விமானம் ஓட்டுவதில் இரண்டு நிலைகள் உண்டு. வானம் தெளிவாக இருக்கும்போது தரையையும் அடிவானத்தையும் கண்ணால் பார்த்து ஓட்டுவது ஒன்று. மேகத்துக்குள்ளும் மழையிலும் பனிமூட்டத்திலும் வெளியே எதுவும் தெரியாதபோது, கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது இன்னொன்று. இரண்டாவதற்குத் தனியாகத் தகுதி வாங்க வேண்டும். அதற்குப் பெயர் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். வணிக விமானி உரிமம் கையில் இருந்தாலும் இந்தத் தகுதி இல்லாமல் பயணிகள் விமான நிறுவனத்தில் வேலை கிடைக்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். உப்பளத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் டிகிரி மீட்டர் போட்டுப் பார்க்காமல் பாத்திக்கு விட மாட்டோம். 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்கும். 30-ஐ நெருங்கினால் கசப்பு சேரும், அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கண் ஒன்று சொல்லி மீட்டர் வேறொன்று சொன்னால் மீட்டரைத்தான் கேட்போம். மீட்டர் மேலேயே சந்தேகம் வந்தால் பக்கத்துப் பாத்திக்காரரின் மீட்டரை வாங்கிப் போட்டுப் பார்ப்போம்.

மேகத்துக்குள் இதுதான் உயிர்ப் பிரச்சினை. நம் காதுக்குள் சமநிலையை உணர்த்தும் சிறு குழாய்கள் இருக்கின்றன. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் அந்தக் குழாய்கள் 'நேராகத்தான் போகிறோம்' என்று சொல்ல ஆரம்பித்துவிடும். உடம்பு பொய் சொல்லும். கருவியைப் படிக்கத் தெரிந்தவன் மட்டுமே தப்புவான்.

1978 ஜனவரி 1-ம் தேதி இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747. கிளம்பி இரண்டு நிமிடம் ஆவதற்குள் பாந்திரா கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். கேப்டன் முன்னால் இருந்த சாய்வு காட்டும் கருவி பழுதாகி, விமானம் நேராக இருக்கும்போதும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பினார். இருட்டு, கீழே கடல், வெளியே பார்க்க ஒன்றுமில்லை. மற்ற கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்து விமானத்தை மீட்க அவர்களால் முடியவில்லை என்பதே விசாரணையின் முடிவு. ஒரு கருவியை மட்டும் நம்பாதே, நான்கையும் மாறி மாறிப் பார், ஒன்று பொய் சொன்னால் கண்டுபிடி என்பதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடம்.

2024 நவம்பர் 30-ம் தேதியை நாம் யாரும் மறக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. நம் அளங்கள் தண்ணீருக்குள் போயின. அன்று மதியம் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். மூடுவதற்கு முன் இறங்க வந்த ஒரு விமானம் காற்றில் ஆடி, ஓடுபாதையைத் தொடும் நேரத்தில் மறுபடி மேலே ஏறிப்போன காட்சியைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பயத்தோடு பார்த்தார்கள். விவரம் தெரிந்த சகோதரர் என்னிடம், "அது சரியான முடிவு, எங்கள் படிப்பு கற்றுக்கொடுப்பதே அதைத்தான்" என்றார்.

வளைகுடாவிலிருந்து வரும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள், நம் உம்ரா பயணிகள். ஆகவே இந்தப் படிப்புக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் புத்தகம் ஒரு பையனின் பாஸ் மார்க்கோடு நின்றுவிடும் விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

எந்த ஊர் அட்டவணை?

இப்போது அந்தப் பையனின் குழப்பத்துக்கு வருகிறேன். சென்னைக்குப் போட்ட நோன்பு அட்டவணையை வைத்துக்கொண்டு துபாயில் நோன்பு திறக்க முடியுமா? அட்டவணையில் தவறில்லை, ஊர் வேறு. அவன் தரையில் கிடந்த புத்தகங்களிலும் அதேதான் நடந்திருந்தது. ஒன்று அமெரிக்கத் தேர்வுக்கு எழுதியது. ஒன்று ஐரோப்பியத் தேர்வுக்கு எழுதியது. ஒன்று நம் நாட்டுக்கு எழுதியது, ஆனால் பழைய பதிப்பு.

அமெரிக்கப் புத்தகம் காற்றழுத்தத்தை அங்குலத்தில் சொல்லும், 29.92 என்று. இங்கே அது 1013.25 ஹெக்டோபாஸ்கல். அங்கே பார்வைத் தூரம் மைலில், ஓடுபாதைப் பார்வை அடியில். இங்கே இரண்டும் மீட்டரில். உள்ளூர் அழுத்தத்திலிருந்து பொது அழுத்தத்துக்கு உயரமானியை மாற்றுகிற உயரம் அமெரிக்கா முழுவதும் ஒரே அளவு, 18,000 அடி. நம் நாட்டில் விமான நிலையத்துக்கு விமான நிலையம் அது வேறுபடும். மூன்றையும் கலந்து படித்த பிள்ளை தேர்வில் எதை எழுதுவான்?

அதற்காக வெளிநாட்டுப் புத்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனித உடம்பும் கருவியின் வேலையும் உலகமெங்கும் ஒன்று. சட்டமும் அளவும் வானிலையும் ஊருக்கு ஊர் வேறு. முதல் வகையை எங்கிருந்தும் படிக்கலாம். இரண்டாம் வகையை நம் நாட்டு நூலில் மட்டும்தான் படிக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

வாங்கும் வரிசை

புத்தகத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்புச் சான்று. இது இல்லாமல் ஒரு ரூபாய்க்கும் புத்தகம் வாங்காதீர்கள்.

அடுத்து, இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விமான விதிகள் 1937-ன் இரண்டாம் அட்டவணையில் இந்தத் தகுதிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தானே பொறுப்பேற்று ஊர்விட்டு ஊர் ஓட்டியது 50 மணி நேரம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 40 மணி நேரம், அதில் சிமுலேட்டரில் 20 மணி நேரத்துக்கு மேல் கணக்கில் வராது. இதை ஒவ்வொரு பெற்றோரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். அப்போதுதான் பயிற்சிப் பள்ளி எதற்குக் கட்டணம் கேட்கிறது என்பது புரியும். டி.ஜி.சி.ஏ.யின் விதிமுறைத் தொகுப்புகள் அவர்கள் இணையதளத்திலேயே உள்ளன. இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் ஏ.ஐ.பி. என்ற தொகுப்பும் இலவசம். சென்னை மீனம்பாக்கத்தில் 07 ஓடுபாதைக்கு எப்படி இறங்க வேண்டும் என்ற வரைபடம் அதில் இருக்கிறது. ஒரு நிஜ வரைபடத்தை வைத்துப் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்கும். ஒரு எச்சரிக்கை: இந்த விவரங்கள் 28 நாள் சுழற்சியில் திருத்தப்படுகின்றன. போன ஆண்டு அச்செடுத்ததை வைத்துப் பயிற்சி செய்யலாம், விமானம் ஓட்டக் கூடாது.

மூன்றாவது, பாடத்துக்கு ஒரு புத்தகம், ஒன்றே ஒன்று. வானிலைக்கு ஐ.சி. ஜோஷி எழுதிய நூலை நம் நாட்டு மாணவர்கள் நீண்ட காலமாகப் படிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை, வங்கக் கடல் புயல், வங்காளத்துக் கோடை இடிமழை, வடநாட்டுக் குளிர்காலப் பனிமூட்டம் எல்லாம் நம் தேர்வில் வரும். வெளிநாட்டு நூலில் இவற்றுக்கு இவ்வளவு இடம் இருக்காது. விதிகளுக்கு ஆர்.கே. பாலியின் நூல், கட்டாயம் புதிய பதிப்பு. நேவிகேஷனுக்கும் கருவிகளுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு வரிசை நூல்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது ஐரோப்பியப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்ட பெரிய வரிசை. முழு வரிசையையும் வாங்க வேண்டியதில்லை. ரேடியோ நேவிகேஷன், பொது நேவிகேஷன், கருவிகள் ஆகிய தொகுதிகள் போதும்.

நான்காவது, கருவிகளை மாறி மாறிப் பார்க்கும் பழக்கத்துக்கு அமெரிக்க அரசின் விமானத் துறை வெளியிட்ட 'இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங் ஹேண்ட்புக்'. இலவசமாகவே பதிவிறக்கலாம். கண் எங்கே போக வேண்டும், ஒரே கருவியை உற்றுப் பார்த்தால் என்ன ஆகும், ஒன்று பழுதானால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று படம் போட்டு விளக்குகிறது. மேலே சொன்ன முதல் வகையைச் சேர்ந்தது இது. அதில் வரும் சட்டப் பகுதிகளை மட்டும் தாண்டிவிட வேண்டும்.

கடைசியாகத்தான் வினா வங்கி. பாடம் முடித்த பிறகு, தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு கையில் எடுக்கலாம். நம் பையன் முதல் நாளிலிருந்தே அதைத்தான் மனப்பாடம் செய்தான். விடை எண் மனதில் இருந்தது, காரணம் இல்லை. தேர்வில் எண்ணை மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிட்டது. மதரஸாவில் என் உஸ்தாத் ஒரு மஸ்அலாவின் விடையைச் சொன்னால் உட்கார விட மாட்டார்கள். எங்கிருந்து எடுத்தாய், யார் சொன்னது என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள். விடைக்குப் பின்னால் காரணம் சொல்லாத வினா வங்கியை வாங்காதீர்கள்.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு மென்பொருள் வாங்கலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார்கள். கருவிகளைப் பார்க்கும் பழக்கத்துக்கு உதவும். ஆனால் அந்த நேரம் சட்டப்படி கணக்கில் ஏறாது. வசதி இருந்தால் வாங்குங்கள், அறக்கட்டளை அதற்குக் கொடுக்காது.

வாங்குமுன் மூன்று கேள்வி

பெற்றோர் ஆங்கிலம் அறியாதவராக இருந்தாலும் இந்த மூன்றையும் பிள்ளையிடம் கேட்கலாம்.

இது எந்த நாட்டுத் தேர்வுக்கு எழுதியது?

எந்த ஆண்டுப் பதிப்பு? இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 1934-ம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. விமானிகள் எழுத வேண்டிய ரேடியோ தேர்வு முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. புதிய சட்டத்தில் அந்தப் பொறுப்பு டி.ஜி.சி.ஏ.வுக்கு வந்திருக்கிறது. இவை இல்லாத விதிமுறை நூல் பழையது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது: இதற்கு முன் வாங்கிய புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறாய்?

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை. தேர்வும் வானொலிப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். ஆனால் புரிதல் எந்த மொழியில் வந்தாலும் புரிதல்தான். ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அதைத் தமிழில் வீட்டில் யாருக்காவது சொல்லிக் காட்டுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை.

அறக்கட்டளை என்ன செய்யும்

பொதுப்பணம் அமானிதம். மறுமையில் கேள்வி கேட்கப்படும் பணம். ஆகவே செயற்குழு மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. விமானி படிப்புக்கு இனிப் பணமாகத் தர மாட்டோம், புத்தகமாகவே தருவோம். ஒரு புத்தகம் முடித்து, துறை தெரிந்த ஒருவரிடம் பேசிக் காட்டிய பிறகு அடுத்தது. படித்து முடித்தவை அறக்கட்டளை அலமாரிக்குத் திரும்ப வேண்டும். விதிமுறை நூல் மட்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாக வாங்குவோம், அது பழையதாகிவிடும். இவை சதக்கா நிதியிலிருந்து செய்யப்படும். ஜகாத் நிதி தொடப்படவில்லை.

"உப்பளத்து ஊரில் விமானி படிப்புக்கு உதவுவதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஐதராபாத்தில் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகள் சையதா சல்வா பாத்திமா. விமானி ஆக வேண்டும் என்ற அவருடைய ஆசைக்கு முதலில் கை கொடுத்தவர் 'சியாசத்' உருது நாளிதழின் ஆசிரியர் ஜாஹித் அலி கான். பின்னர் தெலங்கானா அரசும் மேற்பயிற்சிக்குப் பணம் கொடுத்தது. அவர் விமானி ஆனார். முதல் உதவிக்கும் வேலைக்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடின. நாம் செய்வது அந்த நடுவழிக்குத் தண்ணீர் கொடுப்பது போன்றது. ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆகும் படிப்புக்கு முழுதும் தர நம்மால் ஆகாது. வழி தவறாமல் பார்த்துக்கொள்ள ஆகும்.

அந்தப் பையனின் செய்தியோடு முடிக்கிறேன். முழங்கால் உயர அடுக்கிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்து வைத்தோம். மற்றவற்றைக் கட்டி என் வீட்டுப் பரணில் போட்டேன், அவன் கண்ணில் படக் கூடாது என்று. தினமும் இஷாவுக்குப் பின் அவனுடைய அத்தா முன் உட்கார்ந்து அன்று படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "ஹாஜியார், காத்து பக்கவாட்டுல அடிச்சா விமானம் ஏன் மூக்கைத் திருப்பிட்டு வருதுன்னு எனக்கே இப்போ தெரியும்" என்றார். அடுத்த தேர்வில் நேவிகேஷன் தாளில் 78 வாங்கினான். இந்த முறை பாஸ் என்று அவனே வீட்டில் சொன்னான்.

அவன் இன்னும் மேகத்துக்குள் போகவில்லை. கருவிப் பயிற்சி நேரங்கள் பாக்கி, தேர்வாளர் முன் ஓட்டிக் காட்டுவது பாக்கி. அந்தத் தகுதி கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் சோதனை உண்டு. ஆகவே அந்த ஐந்து புத்தகத்தையும் மூட முடியாது. இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டுக் கணக்கில் அவன் பெயருக்கு நேரே நல்ல செய்தி எழுத வேண்டும். இரண்டு புதிய மனுதாரர்களும் நாளை அஸருக்குப் பின் மருத்துவச் சான்றுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். பட்டியல் கொண்டுவர வேண்டாம். நாம் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.

மூன்று பிள்ளைகளுக்கும் துஆ செய்யுங்கள்.